வாளிக்குள் ஒரு கடைக்காரர்

ஸ்கைரிம் என்றொரு கணினி விளையாட்டு 2011இல் வந்தது. அதில் ஒரு கடைக்குள் நுழைந்து, கிடக்கும் வாளியை எடுத்துக் கடைக்காரர் தலையில் கவிழ்த்துவிட்டால் போதும். கடையில் உள்ள அத்தனையையும் அவர் எதிரிலேயே அள்ளிக்கொண்டு போகலாம். அவர் தலையில் வாளியோடு அப்படியே நிற்பார், கோபப்பட மாட்டார். கண்ணை மறைத்தாயிற்று, அதனால் அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் திருட்டே நடக்கவில்லை. கணினியின் கணக்கு அவ்வளவுதான்.

நான் வளர்ந்தது சிங்கப்பூரின் அங் மோ கியோவில், வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றில். கீழ்த்தளத்தில் மாமாக் கடை இருந்தது. ஊருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: புளோக்கின் கீழே நம்மவர்கள் நடத்தும் பெட்டிக்கடைக்குச் சீனர், மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் அது. ஏழு வயதில் ஒரு நாள் அங்கே புளிப்பு மிட்டாய் ஒன்றைக் காசு கொடுக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தக் காலத்து லிப்ட் 1, 5, 9 என்று சில மாடிகளில் மட்டும் நிற்கும். ஒன்பதில் இறங்கி, ஒரு மாடி படியிறங்கி, எட்டாவது மாடி வீட்டுக்கு வருவதற்குள் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்கைரிம் கடைக்கும் மாமாக் கடைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அந்தத் தூரத்தை இந்த வகை விளையாட்டுகள் கடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று புரிய வேண்டுமானால், இந்த விளையாட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு தடவைகூட விளையாடாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

ஆர்பிஜி என்று எல்லாரும் சொல்வது பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டை. இதன் வேர் கணினியில் இல்லை, மேசையில் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். நடத்துநர் சொல்கிறார்: "கோட்டை வாசலில் காவல்காரன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" ஒருவர் வெட்டப் போகிறேன் என்கிறார். இன்னொருவர், "வேண்டாம், பாவம், ராத்திரி முழுக்க நின்றிருக்கிறான், ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசிப் பார்க்கிறேன்" என்கிறார். விதிப்புத்தகத்தில் தேநீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நடத்துநர் ஒரு நிமிஷம் யோசித்து, "சரி, உருட்டு" என்கிறார்.

தாயம் ஆடிய வீட்டில் பிறந்தவர்களுக்கு உருட்டுவது புதிதல்ல. தாயத்தில் விழும் எண் காயை நகர்த்துகிறது. இங்கே விழும் எண், நீங்கள் சொன்ன பேச்சு எடுபட்டதா என்று முடிவு செய்கிறது. கட்டைக்கு இருபது முகம். காவல்காரனை மசியவைக்க மொத்தம் 15 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாத்திரம் பேச்சில் கெட்டிக்காரன் என்பதால் 5 கூடுதலாகக் கிடைக்கிறது. அப்படியானால் கட்டையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். இருபதில் பதினொரு முகம் உங்கள் பக்கம், அதாவது 55 சதவிகிதம். வலிமை, சாமர்த்தியம், படிநிலை என்று திரையில் ஏகப்பட்ட எண்கள் தெரிந்து புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். அத்தனையும் இந்த ஒரு கணக்கின் கூட்டல் கழித்தல்தான்.

அப்புறம் கணினி வந்து நடத்துநர் நாற்காலியில் உட்கார்ந்தது. 1981இல் அல்டிமா, விசார்ட்ரி என்ற இரண்டும் வெளியாகின. கணினிக்குக் கணக்கு நன்றாக வரும், அலுக்காது, ராத்திரி மூன்று மணிக்கும் விளையாட வரும். அதற்கு வராதது தேநீர்தான். யாராவது முன்கூட்டியே யோசித்து எழுதிவைத்தால் ஒழிய, அந்த உலகத்தில் தேநீரும் கிடையாது, அதைக் கொடுக்கும் எண்ணமும் கிடையாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் படாதபாடு படுகிறார்கள்.

அடைக்கும் வழி ஒன்று, எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைப்பது. இது எங்கே போய் முட்டும் என்று கணக்குப் போட்டால் தெரியும். ஆளுக்கு இரண்டு வழி உள்ள முடிவுகள் பத்து வந்தால், கதை 1,024 கிளையாகப் பிரியும். இருபது வந்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். எந்தக் கம்பெனியாலும் அவ்வளவு எழுத முடியாது. ஆகவே கிளைகளைப் பிரியவிட்டு, கொஞ்ச தூரத்தில் திரும்ப ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ராஜாவைக் கொன்றாலும் காப்பாற்றினாலும் அடுத்த அத்தியாயம் அதே ஊரில் தொடங்கும், பேசுகிறவர்களின் நாலு வரி மட்டும் மாறியிருக்கும். 2023 ஆகஸ்ட்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3, இந்தத் தையல் வெளியே தெரியாமல் தைத்ததில் பெரிய சாதனை. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் செய்தது. முடிவில் 17,000 விதமான வேறுபாடு வரலாம் என்று அவர்களே சொன்னார்கள். கதை பதினேழாயிரமாகப் பிரிகிறது என்று இதற்குப் பொருளில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடைக்கும் எண்ணிக்கை அது. இருந்தாலும் உட்கார்ந்து எழுதினார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

எழுதிவைக்கும் வழியில் எனக்கு மறக்காத உதாரணம் 1997இல் வந்த ஃபால்அவுட். அணு யுத்தத்தில் அழிந்த உலகம். மனிதர்களையெல்லாம் புதிய ஓர் இனமாக மாற்றிவிடத் துடிக்கும் ஒருவன்தான் கடைசி எதிரி. சுட்டும் ஜெயிக்கலாம். ஆனால் அந்தப் புதிய இனத்துக்குக் குழந்தை பிறக்காது என்பதற்கான ஆதாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அவன் முன்னால் வைத்தால், தன் வாழ்நாள் திட்டமே வீண் என்று உணர்ந்து அவனே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வான். (இவ்வளவு வருஷம் கழித்து முடிவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) ஒரு தோட்டா செலவில்லை. எதிராளி நீங்கள் சொன்னதைக் கேட்டு, நம்பி, மனம் மாறுகிறான். அந்த வயதில் எனக்கு அது பெரிய அதிர்ச்சி.

இன்னொரு வழி, கதையை எழுதாமல் உலகத்தின் விதிகளை மட்டும் எழுதிவைத்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று விடுவது. 1992இல் வந்த ஏழாவது அல்டிமாவில் மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அடுப்பில் வைத்தால் ரொட்டியாகும். ஊர்க்காரர்கள் காலையில் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் சாப்பிடுவார்கள், ராத்திரி படுப்பார்கள். ரொட்டி சுட்டால் உலகத்தைக் காப்பாற்ற முடியாது, ஆனாலும் எத்தனையோ பேர் மணிக்கணக்கில் சுட்டார்கள். நம் வாளியும் இந்த வழியில் வந்ததுதான். பொருள்களைத் தூக்கலாம் என்று ஒரு விதி. கண்ணுக்கு எதிரே ஏதாவது மறைத்தால் தெரியாது என்று இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்தால் கடைக்காரர் தலையில் வாளி ஏறும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஆட வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு அந்த வாளியின் மேல் கோபமில்லை. சொல்லப்போனால், மேசை விளையாட்டின் தேநீருக்குக் கணினி மிக அருகில் வந்த தருணங்களில் அதுவும் ஒன்று. குறை, வாளிக்கு அடுத்து வரவேண்டியது வராததில் இருக்கிறது. உலகம் உங்களை அதைச் செய்யவிட்டது, ஆனால் செய்ததற்குப் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல வேண்டுமானால் ஞாபகம் வேண்டும். கணினிக்குள் ஞாபகம் எப்படி இருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உவமை உண்டு. மாமாக் கடைகளிலும் பழைய மளிகைக் கடைகளிலும் அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்ன நோட்டு இருக்கும். யார் என்ன கடன் வாங்கினார்கள் என்று அதில் எழுதுவார்கள். விளையாட்டுகளுக்குள்ளும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. 'ராஜாவைக் காப்பாற்றினான்: ஆம்', 'பாலத்தை உடைத்தான்: இல்லை' என்று வரி வரியாக. நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் ஃபிளாக் என்பார்கள். பெரிய விளையாட்டுகளில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். நோட்டில் எழுதுவது சுலபம். எழுதியதை யார், எப்போது, எங்கே படிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. படிக்க ஆளில்லாத நோட்டு எத்தனை தடிமனாக இருந்தென்ன?

படிப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. அதே ஸ்கைரிமில் முதல் கிராமத்தில் ஒரு கோழியைக் கொன்று பாருங்கள், ஊரே ஆயுதத்தோடு துரத்தும். விளையாட்டு வெளியான புதிதில் கோழிகளே குற்றத்துக்குச் சாட்சி சொல்லும் கூத்தும் இருந்தது, பிறகுதான் திருத்தினார்கள். ஆக ஒரு பக்கம் கடையையே காலி செய்தாலும் ஒரு ஜீவனுக்குத் தெரியாது. மறுபக்கம் கோழி செத்த அதே நொடியில் எல்லாருக்கும் தெரியும். நிஜத்தில் சேதி இப்படியா பரவுகிறது? கீழே உட்கார்ந்திருந்த ஆன்ட்டி பார்க்கிறார், லிப்ட்டுக்குக் காத்திருந்தவரிடம் சொல்கிறார், அவர் ஐந்தாவது மாடியில் ஒருவரிடம் சொல்கிறார், வழியில் ஒரு மிட்டாய் மூன்று மிட்டாய் ஆகிவிடுகிறது. யாருக்கு என்ன தெரியும், யார் சொல்லித் தெரியும், அதில் எவ்வளவு உண்மை என்பதை ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக வைத்திருக்கும் விளையாட்டு வேண்டும். எனக்கு முதல் ஆசை இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நெருங்கி வந்தவர்கள் இல்லாமல் இல்லை. 2014இல் வந்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' விளையாட்டில் உங்களைக் கொல்லும் சாதாரணச் சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடைக்கும். அடுத்த முறை உங்களைப் பார்த்ததும், "நீயா, செத்தவன்தானே?" என்கிற மாதிரி கேலி செய்வான். நெருப்பில் தள்ளி அவனைத் தப்பவிட்டால் தீக்காயத் தழும்போடு திரும்பி வருவான். பெயர்கூடத் தெரியாத ஒரு சிப்பாய் உங்களுக்கே உங்களுக்கான எதிரியாகிவிடுவான். இந்த உத்திக்கு வார்னர் நிறுவனம் 2021இல் காப்புரிமை வாங்கிவைத்துக்கொண்டது. அதோடு அப்படியே நிற்கிறது. எனக்கு இதில் வருத்தம்தான். தாயத்தை ஒருவர் பதிவு செய்து வைத்துக்கொண்டு மற்ற வீடுகளில் ஆடக்கூடாது என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

இத்தனை ஞாபகம் வேண்டுமானால் உலகம் சின்னதாக இருக்க வேண்டும். இங்கேதான் நான் பெரும்பாலான ரசிகர்களோடு ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு புது விளையாட்டும் முந்தையதைவிட வரைபடம் எத்தனை மடங்கு பெரிது என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. 1996இலேயே டேகர்ஃபால் என்ற விளையாட்டு கிட்டத்தட்ட பிரிட்டன் தீவு அளவுக்கு நிலம் தந்தது. நம் சிங்கப்பூரைப் போல நூறு ஊருக்கு மேல் அதற்குள் போடலாம். கணினியே உருவாக்கிய ஊர்கள், ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரி. இதற்கு நேர் எதிர் 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்னப் பேட்டைக்குள்ளேயே மொத்தக் கதையும் முடிந்துவிடும். நீங்கள் குடித்துக் குடித்து ஞாபகம் இழந்த துப்பறிவாளர். வழக்கமான சண்டை முறையே கிடையாது. உங்களுடைய 24 திறன்களும் தலைக்குள் ஆளுக்கொரு குரலில் பேசும், ஒன்றையொன்று மறுக்கும், சில சமயம் பொய்கூடச் சொல்லும். அந்தப் பேட்டையில் ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை நாம் நம்புகிறோம்.

அதில் தோற்றுப்போவதும் சுவையாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டை தவறாக விழுந்தால் மற்ற விளையாட்டுகளில் நாம் உடனே முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி உருட்டுகிறோம். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. தோற்றவனுக்குக் கதை கிடைக்காது, பூட்டிய கதவு மட்டும்தான் கிடைக்கும் என்றால் யார்தான் திரும்பிப் போக மாட்டார்கள்? நல்ல நடத்துநர் தோல்வியை வேறொரு கதவாக்குவார். கணினி இதைக் கற்றுக்கொள்வது ஞாபகத்தைவிடச் சுலபம், எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். காலமும் அப்படித்தான். பல விளையாட்டுகளில் நாளை உலகம் அழியப்போகிறது என்று அலறிவிட்டு, நான் மூன்று வாரம் சத்திரத்தில் சீட்டு விளையாடினாலும் காத்திருப்பார்கள். ஃபால்அவுட்டில் உங்கள் மக்களுக்குத் தண்ணீர்க் கருவியின் உதிரிபாகம் கொண்டுவர 150 நாள்தான் கெடு. பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிக் கடைக்காரரே தானாகப் பேசிவிடுவாரே? பேசுவார், சந்தேகமில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். கிளி அழகாக வெளியே வரும், கழுத்தைச் சாய்க்கும், சீட்டை எடுக்கும். ஆனால் பலன் சீட்டில் இருக்கிறது. சீட்டில் ஒன்றும் எழுதாமல் கிளியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன பலன் சொல்வது? இந்தச் செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் எதைக் கேட்டாலும் சரளமாகப் பதில் சொல்லும். பின்னால் நோட்டு இல்லாவிட்டால், நேற்று தன் கடையைக் கொள்ளையடித்தவனிடம் இன்று குசலம் விசாரிக்கும், இல்லாத தம்பியைப் பற்றி உருக்கமாகக் கதை சொல்லும். பேச்சு வேறு, பதில் வேறு. ஆகவே நோட்டும் விதிகளும் கெட்டியாக இருக்கட்டும், அதில் உள்ளதை அந்தந்த ஆளின் வாய்மொழியில் சொல்ல மட்டும் இந்தத் தொழில்நுட்பம் உதவட்டும். அந்த வாய்மொழியை முதலில் யோசித்த எழுத்தாளரை வீட்டுக்கு அனுப்பாமலும் இருக்கட்டும்.

வாய்மொழி என்றதும் ஒன்று. இந்த விளையாட்டுகளில் பேச்சுத் திறன் என்பது ஒரே எண். 70 இருந்தால் ராஜாவையும் மயக்கலாம், மீன்காரரையும் மயக்கலாம். நம் ஊரில் இது நடக்குமா? காப்பிக் கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பிக்கு 'கோப்பி ஓ கோசோங்' என்று சரியாகச் சொன்னால் கடை அங்கிள் முகம் மலரும். அதே ஆள் தேக்கா மார்க்கெட்டில் தமிழில் பேரம் பேசுவார், அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுவார், பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், அதாவது மலாய் ஆன்ட்டியிடம், நாலு வார்த்தை மலாய் பேசுவார். பேச்சுத் திறன் என்பது யாரிடம், எந்த மொழியில், எந்தத் தொனியில் என்பதும்தான். கற்பனை உலகங்களில் எல்ஃபுகள் காட்டில், குள்ளர்கள் மலைக்குள் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். இங்கே 1989 முதல் வீவக புளோக்குகளில் இன விகிதாசாரம் உண்டு. எல்ஃபும் குள்ளரும் ஒரே லிப்ட்டில் போகிறார்கள், ஒரே தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றுகிறார்கள். சண்டையும் சமாதானமும் அங்கேதான் சுவாரசியம்.

தமிழிடம் இன்னொரு சரக்கும் இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3இல் நீங்கள் செய்தது தோழருக்குப் பிடித்தால் திரையின் ஓரத்தில் 'அங்கீகரிக்கிறார்' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். தமிழில் ஒரு விளையாட்டு செய்தால் அந்த அறிவிப்பே வேண்டாம். முதல் நாள் "சார், என்ன வேணும்?" என்பவர், பத்தாவது நாள் "என்ன தம்பி, ஆளையே காணோம்" என்பார். கோபம் வந்தால் மறுபடி "சொல்லுங்க சார்" ஆகிவிடும். 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு இறங்குவதும், திரும்ப 'நீங்கள்' என்பதற்கு ஏறுவதும் எந்த மீட்டரைவிடவும் துல்லியம். 2023இல் வந்த வெண்பா, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தைச் சமையலறை வழியாகக் காட்டியது. அது ஆர்பிஜி இல்லைதான், ஆனால் நம் வீட்டுப் பேச்சை வைத்தே ஒரு விளையாட்டு கட்டலாம் என்பதற்கு அத்தாட்சி.

இதுவரை எதுவும் ஆடாதவர்கள் எங்கே தொடங்குவது? வாசிக்கப் பிடிக்கும் என்றால் டிஸ்கோ எலிசியம், கையில் காப்பியோடு. நண்பர்களோடு ஆட பால்டர்ஸ் கேட் 3, நூறு மணி நேரம் போய்விடும், வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஃபால்அவுட்டுக்குப் பொறுமை வேண்டும், எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கும்.

என் மனதில் ஓடும் விளையாட்டுக்கு ஒரே ஒரு புளோக் போதும். பன்னிரண்டு மாடி, 1, 5, 9இல் நிற்கும் லிப்ட். லிப்ட் நிற்காத மாடிக்காரர்கள் படியேறித்தான் ஆக வேண்டும், அதனால் எல்லாருடைய வாசலையும் கடந்துதான் ஆக வேண்டும். கீழே மாமாக் கடை, கல்லா ஓரத்தில் 555 நோட்டு. அந்த விளையாட்டிலும் வாளி இருக்கட்டும், எடுக்கவிடட்டும். ஆடுகிறவர் மெதுவாகப் பின்னால் போய் மாமா தலையில் அதைக் கவிழ்க்கிறார், மிட்டாய் பாட்டிலின் மூடியைத் திறக்கிறார். வாளிக்குள்ளிருந்து குரல் வருகிறது: "எட்டாவது மாடி அக்கா மகன்தானே நீ?"